மொட்டைப் படம்

அந்த வருஷம் கோடியக்கரைக்குப் பூநாரை வரவில்லை. மழை முந்திக்கொண்டதில் உப்பங்கழியில் தண்ணீர் ஏறிவிட்டது. பறவைகள் வேறு எங்கோ போய் இறங்கிவிட்டன. ஆனால் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட ஏமாந்து திரும்பவில்லை. தூரத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் போனை நீட்டினார்கள். போன் அதைப் பூநாரையாக்கிக் கொடுத்தது. இளஞ்சிவப்பு இறக்கை, வளைந்த மூக்கு, தண்ணீரில் நிழல்கூட உண்டு. ‘இவ்வாண்டு பூநாரை வரவில்லை’ என்று வாசலில் எழுதி வைத்திருந்த பலகையை யாரும் சட்டை செய்யவில்லை. கையில் படம் இருக்கும்போது பலகையை எவன் நம்புவான்?

தையல்நாயகி இதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள், எரிச்சலும் பட்டாள். பறவை ஆய்வு அறக்கட்டளை ஒன்றுக்காகக் கரையோரப் பறவைகளை எண்ணிச் சொல்வது அவள் வேலை. மாயவரத்துப் பெண். வேலைக்காக வந்தவள் கோடியக்கரையிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டாள். ஊரார் அவளைப் ‘பறவை மேடம்’ என்றார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது.

அவளிடம் இருந்தது தனிக் கேமரா. அதில் பேச முடியாது, பாட்டுக் கேட்க முடியாது, யாருக்கும் எதையும் அனுப்ப முடியாது. முழங்கை நீளத்துக்கு லென்ஸ். தூக்கிக்கொண்டு கலங்கரை விளக்கத்தின் படிகளை ஏறினால் தோள்பட்டை இற்றுப்போகும். ஊரில் அதற்கு மொட்டைக் கேமரா என்று பெயர். போனில் எடுத்தால் வழுக்கைத் தலையிலும் கொஞ்சம் முடி வளர்ந்திருக்கும், கண் கீழே கருப்பு போயிருக்கும், மூடிய கண் திறந்திருக்கும். இதில் எடுத்தால் உள்ளது மட்டும்தான் விழும். அதனால் அது எடுக்கிற படம் மொட்டைப் படம். கல்யாண வீட்டுக்கு எவனும் அதைக் கூப்பிடுவதில்லை.

அவளுக்கு அதில் கர்வம் இருந்தது. சொல்லிக்கொள்ள மாட்டாள், ஆனால் இருந்தது. போனின் லென்ஸ் மிளகு அளவு. அதன் வழியாக வருகிற வெளிச்சம் போதாது. போதாததை அது தன் ஞாபகத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். அவளுடைய கேமராவோ வாசலை அகலத் திறந்து வைத்திருந்தது. வந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேமராக்காரர்களும் சும்மா இருக்க முடியாமல் அதில் ‘கூட்டு’ என்று ஒரு வசதியைச் சேர்த்தார்கள். ஒரே மூச்சில் பல படங்களை எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டி, புள்ளியும் புகையும் நீக்கிச் சுத்தமான ஒரே படமாகத் தரும். ஞாபகத்திலிருந்து எதையும் சேர்க்காது, வந்ததை மட்டும்தான் கூட்டும் என்பதால் அறக்கட்டளை அதற்குச் சம்மதம் சொல்லிவிட்டது. தையலும் அதை முழுசாக நம்பினாள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் வாடை திடீரென்று சூறையாக மாறி அடித்தது. கடலுக்குப் போயிருந்த படகுகள் ஒவ்வொன்றாகத் தடுமாறிக் கரை சேர்ந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அதில் போனவர்கள் இரண்டு பேர்: நாடிமுத்துவும் அவர் மகள் ஓவியாவைக் கட்டிய தினகரனும். மாமனாரும் மருமகனும் ஒரே படகில் போகவேண்டாம் என்று நாடிமுத்துவின் மனைவி பாக்கியவதி சொல்லிப் பார்த்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். சொன்னாளோ இல்லையோ, இப்படி ஒன்று நடந்த பிறகு எல்லாரும் எல்லாவற்றையும் முன்னமே சொன்னவர்களாகிவிடுகிறார்கள்.

மறுநாளும் தகவல் இல்லை. அதற்கு மறுநாள் விடியலில் காற்று அடங்கியது. சூறை அடித்தால் நடுக்கடல் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும். தையல் கேமராவைத் தூக்கிக்கொண்டு கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறினாள். பாக்கியவதியிடம்தான் அவள் வாரா வாரம் மீன் வாங்குவாள். ஊரே கரையில் நிற்கும்போது தான் பறவை எண்ணப் போவது அவளுக்கே என்னவோபோல் இருந்தது. ஆனாலும் ஆலா என்கிற கடற்பறவைகள் நிறைய வந்திருந்தன. வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். பக்கத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டமும் நின்றது. அதில் ஒரு பையன், “அங்க பாரு, என்னமோ கருப்பா மிதக்குது” என்று போனை நீட்டிப் படம் எடுத்தான். தையல் திரும்பிப் பார்த்தபோது வெயிலில் கண் கூசியது, ஒன்றும் தெரியவில்லை.

அவள் படி இறங்கி வைத்தியின் டீக்கடைக்கு வருவதற்குள் அந்தப் படம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

“மேடம், நீங்களும் மேலதான இருந்தீங்க? படகு தெரிஞ்சுதாமே” என்று வைத்தி போனைக் காட்டினார். பளிச்சென்று நீலக் கடல், அதில் ஒரு படகு, நடுவில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். பல்வரிசை தெரியச் சிரித்தான்.

“யாருண்ணே இது?”

“அதான் புரியல. அச்சு அசலா எம் மச்சான். அவன் துபாய்ல இருக்கான். காலையில கூடப் பேசினான்.”

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் யாருடைய படகு என்பது உறைத்தது. டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் தன் போனை எடுத்தார். “என்னதுல நாடிமுத்து அண்ணன் நிக்கிறாரு. இவன் போன்ல ரெண்டு பேரும் நிக்கிறாங்க. எது மேடம் சரி?”

“எதுவும் சரியில்லண்ணே” என்றாள் தையல். “முன்னாடியெல்லாம் போன் முழுப் படத்தை அனுப்பும். இப்ப சீக்கிரம் போகணும்னு வெறும் வெளிச்சத்தைத்தான் அனுப்புது, விதை மாதிரி. வாங்குற போன்தான் அதை வளத்துக் காட்டுது. அந்தப் பையன் போனுக்குள்ள விழுந்தது ஒரு கருப்புப் புள்ளி. மனுசன் மாதிரி இருக்கேன்னு உங்க போனு உங்களுக்குத் தெரிஞ்ச முகத்துல ஒண்ணைத் தேடி வைக்குது.”

“அப்ப படகுல யாருமே இல்லங்கறீங்களா?”

“அதைச் சொல்லல. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்றேன்.”

வைத்தி நம்பவில்லை. போனைத் தள்ளிப் பிடித்து மச்சானை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். பொய் என்று தெரிந்தும் அழித்துவிட மனசு வரவில்லை, நிஜ மச்சான் ஊருக்கு வந்து நாலு வருஷமாகிறது.

அப்போதுதான் தேடுதல் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. சிவச்சந்திரன் என்று ஒரு அலுவலர். நிதானமான குரல்.

“மேடம், லைட்ஹவுஸ்ல நீங்க கேமராவோட இருந்ததா சொன்னாங்க. போன் படம் எங்களுக்கு ஆகாது. போன வருஷம் அதை நம்பி நாலு பேரைக் காப்பாத்தப் போயி ஒரு தென்னங்கட்டையைத்தான் இழுத்துட்டு வந்தோம். உங்க கேமராவுல அந்தப் படகு விழுந்திருக்கான்னு பாக்கணும்.”

“பாக்கறேன் சார்.”

“நெலமை என்னன்னா, புஷ்பவனத்துக்கு நேரா அவங்க டீசல் கேன் ஒண்ணு மிதந்துருக்கு. அது வடக்க. லைட்ஹவுஸ்லேருந்து பாத்தது தெக்க. எங்கிட்ட இருக்கறது ஒரு ரோந்துப் படகு. தெக்க மிதக்கறதுல ஆளு இருக்குதா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க. யாருன்னுகூட வேணாம்.”

தையல் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். படங்களைக் கணினியில் இறக்கித் தேடினாள். ஆலா ஒன்று குறுக்கே பறந்த சமயத்தில் விட்டுவிடாமல் அழுத்தியதில் பன்னிரண்டு படங்கள் தொடர்ச்சியாக விழுந்திருந்தன. ஆலாவுக்குப் பின்னால், வானமும் கடலும் ஒட்டுகிற இடத்தில், அந்தப் படகு. பெரிதாக்கினால் ஒரே புள்ளியும் புகையும். கூட்டு போட்டாள். சில நொடிகளில் படம் கண்ணாடி மாதிரி தெளிந்தது. படகின் விளிம்பு தெரிந்தது. நடுவில் நேராக, மெல்லிசாக ஒரு கருப்புக் கோடு.

அவள் அதைப் போல நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். வலையின் முனை எங்கே இருக்கிறதென்று அடையாளம் தெரிய மிதவையில் மூங்கிலைச் செருகிக் கருப்புத் துணி கட்டி விடுவார்கள். கொடிக்கம்பு. சும்மா இருக்கும்போது அதைப் படகிலேயே நட்டு வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் நிற்கிற மாதிரிதான் இருக்கும். ஆளாக இருக்கக் கூடாதா என்று இன்னொரு தடவை பார்த்தாள். இருந்தாலும் இல்லாததை இருக்கிறதென்று சொல்லி, அந்த ஒரே ரோந்துப் படகைத் தெற்கே இழுத்துவிடக் கூடாது.

“ஆள் தெரியல சார். கொடிக்கம்புதான் நிக்குது. படகு காலியா மிதக்குது” என்று சொல்லிப் படத்தையும் அனுப்பினாள்.

“காலின்னா அப்புறமா இழுத்துக்கலாம். ஆளுங்க தண்ணியில கெடந்தா கேன் கெடைச்ச பக்கம்தான் இருப்பாங்க. வடக்க விடறோம். ரொம்ப நன்றி மேடம்.”

பேசி முடித்ததும் அவளுக்கு வருத்தத்தோடு ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. ஊர் முழுக்கப் பொய் முகங்கள் சுற்றுகிற நாளில் தான் ஒருத்தியாவது உள்ளதைச் சொன்னோம் என்கிற நிம்மதி.

முற்பகலில் பாக்கியவதியும் ஓவியாவும் வந்தார்கள். இரண்டு பேருமே அழுதுகொண்டு வரவில்லை. அழுகையெல்லாம் முடிந்த முகத்தோடு வந்தார்கள். பாக்கியவதி கெட்டியான உடம்புக்காரி, சந்தையில் அவள் குரல் மூன்று கடைக்குக் கேட்கும். இன்று குரலே இல்லை. ஓவியா வாசலிலேயே போனை நீட்டினாள்.

“அக்கா, பாருங்க. அவருதான். கையத் தூக்கிக் காட்டறாரு.”

தினகரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். கல்யாணத்தன்று போட்ட சட்டையாக இருக்கலாம், கஞ்சி மடிப்புகூடக் கலையவில்லை.

“அம்மா போன்ல யாருன்னு கேட்டா காட்ட மாட்டேங்குது” என்றாள் ஓவியா.

“எம் போனு பழசு. அதுல ஒரு மண்ணும் தெரியல” என்று பாக்கியவதி போன் இருந்த பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். “தையலு, நீ எடுத்ததைக் காட்டு. அதுல முகம் வக்காதுன்னு சொன்னாங்க.”

 தையலுக்குச் சொல்லாமல் இருக்க வழியில்லை. கூட்டிய படத்தைத் திறந்து காட்டினாள். “அக்கா, மனசத் தெடப்படுத்திக்கங்க. எனக்கு இதுல ஆள் தெரியல. கொடிக்கம்பு மாதிரிதான் இருக்கு. மையத்துல அப்படித்தான் சொன்னேன். ரோந்துப் படகு வடக்க போயிருக்கு.”

ஓவியா அந்தக் கோட்டையே பார்த்தாள். “எங்கப்பா படகு ஏறினதும் கம்பையெல்லாம் படுக்கப் போட்டுருவாரு அக்கா. நிக்க வச்சா காத்துல ஆடும்பாரு. நீங்க என்னா சொல்றீங்க?” கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

பறவை விஷயத்தில் சந்தேகம் வந்தால் தையல் எப்போதும் தனிப் படங்களுக்குத்தான் போவாள். கூட்டிய படத்தில் உள்ளான் ஒன்று ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் மற்றக் காலால் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும். காலையில் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. இப்போது இவர்களுக்காக, இவர்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டுமே என்பதற்காக, பன்னிரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. புகைக்குள் கருப்புக் கோடு நேராக நின்றது. நான்காவதில் அது குட்டையாயிற்று. ஐந்தாவதில் படகு விளிம்புக்குக் கீழே போய்விட்டது. ஆறாவதில் பாதி எழுந்தது. ஏழில் மறுபடி நேராக நின்றது. பத்தில் மறுபடி குட்டை.

தையல் மறுபடியும் முதலிலிருந்து தள்ளினாள்.  அலை தூக்கினால் படகும் சேர்ந்து ஏறும். படகு ஏறவில்லை, இறங்கவில்லை. கோடு மட்டும் குனிந்தது, நிமிர்ந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து எதையோ வெளியே கொட்டியது. கம்பு குனியாது. மனிதன்தான் குனிந்து தண்ணீர் இறைப்பான். பெரும்பாலான படங்களில் நிமிர்ந்திருந்ததால் கூட்டு நிமிர்ந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, குனிந்ததையெல்லாம் புகை என்று துடைத்துத் தள்ளியிருந்தது. ஞாபகத்திலிருந்து எதையும் சேர்க்காத கணக்குதான். ஆனால் அசைவதைக் கழித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்துபோனாள்.

அவள் போனை எடுத்து மையத்தைக் கூப்பிட்டாள். “சார், நான் சொன்னது தப்பு. ஆள் இருக்காங்க. தண்ணி இறைக்கறாங்க. தெக்கதான். தயவுபண்ணித் திருப்புங்க சார்.”

சிவச்சந்திரன் ஏன் எப்படி என்று விசாரிக்கவில்லை. அந்தப் பக்கம் யாரிடமோ சத்தம் போட்டார். பிறகு, “படகு வேதாரண்யம் தாண்டிருச்சு. திருப்பச் சொல்லிட்டேன். நீரோட்டத்துக்கு அவங்க படகு இன்னும் தள்ளிப் போயிருக்கும், தேடித்தான் பாக்கணும். எத்தனை பேரு மேடம்?” என்றார்.

“நிக்கறது ஒருத்தர்.”

அந்த ஒரு வார்த்தை அறையில் விழுந்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

“இன்னொரு வாட்டி ஓட்டு” என்றாள் பாக்கியவதி.

தையல் ஓட்டினாள். பாக்கியவதி கிட்டே வந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இன்னொரு வாட்டி.” மறுபடியும் ஓட்டினாள். பெரிதாக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினாள். எத்தனை தடவை ஓட்டினாள் என்பது தையலுக்கு ஞாபகமில்லை. ஓவியா சுவரில் சாய்ந்து, பார்க்கவும் முடியாமல் பார்க்காமலிருக்கவும் முடியாமல் நின்றாள்.

“யாரும்மா?” என்றாள் கடைசியில்.

பாக்கியவதி நிமிர்ந்தாள். “உம் புருசன்டி. வேற யாரு. ஒங்கப்பா இவ்வளவு வெரசா குனிஞ்சு நிமிருவாரா? இடுப்பு எங்க வளையுது அவருக்கு?”

ஓவியா பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அழுதாள். “அப்ப அப்பா?”

“அப்பா படுத்திருப்பாரு. வயசான மனுசன், அலுத்துப் படுத்திருப்பாரு. நீ எந்திரி. வந்ததும் சாப்புடக் கேப்பாங்க, போயி ஒல வை.”

அவர்கள் போன பிறகு தையல் அந்தப் பன்னிரண்டு படங்களையும் விட்டு எழுந்திருக்கவில்லை. தானும் முகம் தேடிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கருப்பு அரிசி குனிந்தது, நிமிர்ந்தது. பாக்கியவதிக்கு மட்டும் மருமகன் எப்படித் தெரிந்தான் என்று ஆச்சரியப்பட்டாள். தெரிந்திருக்காது, பெண்ணுக்காக ஒன்றைச் சொல்லி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் ரோந்துப் படகு அவர்களைக் கண்டுபிடித்தது. தினகரன் உயிரோடு இருந்தான். நாடிமுத்துவை எடுத்து வந்தார்கள்.

சாவு வீட்டில் தினகரன் கட்டுப்போட்ட தலையோடு சுவரோரம் படுக்க வைக்கப்பட்டிருந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிவது போல இருந்தது. சூறை அடித்த அன்றைக்கே எஞ்சின் கழன்று அவன் தலையிலும் தோளிலும் மோதிவிட்டது. அவன் எழுந்திருக்கவே இல்லை. படகின் அடி விரிசல் விட்டுத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

“நான் தண்ணிக்குள்ளதான் கெடந்தேன். மாமாதான் இறைச்சாரு. ரெண்டு நாளும் அவருதான். நானும் வாரேன் மாமான்னா, நீ படுடா, எனக்குக் குளுருதுல்ல, இதுல சூடேறுதும்பாரு.” அவன் சற்று நிறுத்தினான். “ரோந்து போட்டு சத்தம் கேக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ஒக்காந்தாரு. செத்த நேரம் ஒக்காந்துக்கறேன்டான்னாரு. சத்தம் கேட்டதும் மாமா மாமான்னு கூப்புட்டேன். எந்திரிக்கல.”

தையல் வாசற்படியில் நின்று இதைக் கேட்டாள். கொஞ்சம் முன்னால் என்ற வார்த்தையை அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ரோந்துப் படகு வேதாரண்யம் வரைக்கும் போய்த் திரும்பிய நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். யார் சொல்லியும் தெரியவேண்டியதில்லை. உள்ளே போய்த் துக்கம் கேட்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம் பாக்கியவதி தனியாக வந்தாள். மீன் கூடை இல்லாமல் அவளைப் பார்க்கப் புதிதாக இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “அந்தப் படம் வச்சிருக்கியா?” என்றாள்.

“இருக்குக்கா. போன்ல ஏத்தித் தரவா?”

“போன்ல வேணாம். அது முகம் வச்சிரும். காயிதத்துல போட்டுக் குடு, பன்னெண்டும்.”

தையல் அச்சுப்பொறியைத் தட்டி எழுப்பினாள். முதல் படம் வெளியே வந்தது. பாக்கியவதி அதைக் கையில் வாங்கி விரலால் அந்தக் கருப்பைத் தொட்டாள்.

“எம் போன்லயும் இவருதான் நின்னாரு, தையலு. அன்னிக்கு ஒங்கிட்ட பொய் சொன்னேன். பொண்ணு கல்யாணத்துல எடுத்த மூஞ்சி. தலைய வகுந்து சீவி, சந்தனம் வச்சு, சிரிச்சுக்கிட்டு. பாத்ததும் எரிச்சலா வந்துச்சு. ராவும் பகலும் தண்ணியில நிக்கற மனுசன் சிரிப்பாரா? அவரா இருக்காதுன்னு நெனச்சேன்.”

“பின்ன?”

“நீ ஓட்டிக் காட்டினியே. முகமே இல்ல. ஆனா குனிஞ்சு மொண்டு எடக்கைப் பக்கமா ஊத்துனாரு பாரு. மொத தடவையே தெரிஞ்சு போச்சு. வலது தோளு அவருக்கு ஏறாது. முப்பது வருசமா பாக்கறேன், தெரியாதா?”

தையல் கையில் இருந்த காகிதத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “தெரிஞ்சேதான் ஓவியாகிட்ட அப்படிச் சொன்னீங்களா?”

“அவரு நிக்கறாருன்னா மத்தவன் படுத்துக் கெடக்கான்னு அர்த்தம். படுத்துக் கெடக்கறவன் எப்படி இருக்கான்னு யாரு கண்டா? அன்னிக்கு நிக்கறது ஒரு ஆளுதான் இருந்துச்சு. அதை எம் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்.” பாக்கியவதி மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். “எனக்கு எம் புருசன் கண்ணு முன்னால இறைச்சுக்கிட்டு இருந்தாரு. அது போதும்னு இருந்துச்சு.”

ஒவ்வொரு படமாக வந்து விழுந்தது. குனிந்தது, நிமிர்ந்தது. தையலால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் இந்தப் பெண் இனி எப்போது மீன் கொண்டுவந்து கொடுத்தாலும் தன்னால் வாங்க முடியாது என்று தோன்றியது.

“அக்கா, நான் மொதல்ல கம்புன்னு சொல்லிட்டேன். அதனாலதான் ரோந்து போட்டு வடக்க போயிருச்சு. திரும்பி வந்த நேரம் இருக்கே, அந்த நேரம் இருந்திருந்தா...” முடிக்க முடியவில்லை. “கேமரா குனிஞ்சதையெல்லாம் தொடைச்சுட்டு நிமுந்ததை மட்டும் வச்சுக்கிச்சு. நான் ஒவ்வொண்ணாப் பாத்திருக்கணும். பாக்கல.”

 பாக்கியவதி பன்னிரண்டு காகிதங்களையும் மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியுமா, இப்போதுதான் தெரிகிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள் என்றே தையல் நினைத்தாள். போனால் போகட்டும், அது நியாயம்தான் என்றும் நினைத்தாள்.

“அந்தக் கம்பு படம்” என்றாள் பாக்கியவதி. “அது இருக்குதா?”

“இருக்கு. அது எதுக்குக்கா?”

“அதையும் போட்டுக் குடு. அதுலயும் அவருதான நிக்கிறாரு.”